ஆட்டுக்கறி அத்தையின் நாற்காலி

சிங்கப்பூர்,
18 டிசம்பர் 1985

அன்புள்ள கங்கா,

திங்கட்கிழமை காலை நான் பெட்டியோடு பிள்ளைகள் இல்லத்து வாசலில் இருபது நிமிடம் நின்றேன். சின்னப் பிள்ளைகள் எல்லாரும் வந்து வழியனுப்பினார்கள். நீ வரவில்லை. சமையலறை ஜன்னலில் உன் தோள் தெரிந்தது. இரண்டு முறை கூப்பிட்டேன். உனக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

ஐந்து வாரம் தொண்டு செய்ய வந்தவளை மூன்றாவது வாரமே பஸ் ஏற்றிவிட்டார்கள். என் பாஸ்போர்ட்டில் விழுந்த முதல் முத்திரை இது. ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டி மலேசியா வந்தால் வெளிநாடா என்று நீ முதல் நாள் சிரித்தாயே, எனக்கு அது வெளிநாடுதான். வீட்டில் எத்தனை சண்டை போட்டு அனுமதி வாங்கினேன் என்று உனக்குத் தெரியும். இப்போது அப்பா என்னோடு பேசுவதில்லை. தங்கரத்தினம் மாமி இல்லத் தலைவி என்ற தோரணையில் அவரிடம் தொலைபேசியில், "உங்கட மகள் செத்த மனிசியின்ரை படத்தைத் தூக்கித் தரையிலை எறிஞ்சவள்" என்று சொல்லியிருக்கிறார்.

நான் எறியவில்லை, கங்கா. பார்த்தவள் நீ. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், தப்பு இருந்தால் சொல்.

காளியண்ணன் ஐயாவின் மனைவி தாயம்மா இறந்து அன்றோடு மூன்று ஆண்டு. அவர் தம் லோரியில் நான்கு அண்டா சாப்பாடு கொண்டுவந்தார். தாயம்மா அவர்களின் படத்துக்கு மாலை போட்டு, கூடத்தின் நடுவில் நாற்காலியில் வைத்தார்கள். பிள்ளைகள் இருபத்து மூன்று பேரும் அதற்கு முன்னால் வரிசையாக நின்று ஐந்து தேவாரம் பாடி முடித்த பிறகுதான் சோறு. பன்னிரண்டு மணிக்கே வரிசையில் நிறுத்திவிட்டார்கள். ரவாங்கிலிருந்து அவர் மகள் வரவில்லை என்று இரண்டு மணி வரை நிற்கவைத்தார்கள். கறி வாசனை கூடம் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டில் லெட்சுமி தள்ளாடினாள். ஆறு வயதுப் பிள்ளை, காலையில் பாதி ரொட்டி தின்றவள். முகம் வெளுத்துப்போய்ச் சரிந்தாள். பக்கத்தில் இருந்தது அந்த ஒரே நாற்காலிதான். படத்தை எடுத்துச் சுவரோரமாகத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு அவளை உட்கார வைத்தேன். முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்த உன்னைப் பார்த்து "கங்கா, போதும், நிறுத்து" என்றேன். நீ நிறுத்தினாய்.

காளியண்ணன் ஐயா, "அவ படத்தத் தொட நீ யாரும்மா?" என்று கத்தினார். நான், "செத்தவங்களுக்குப் பசிக்காது. இவளுக்குப் பசிக்குது" என்றேன். அதற்காக வருந்த மாட்டேன். அது உண்மை.

அப்பாவுக்கு நீ ஒரு கடிதம் எழுது. நீ சொன்னால் நம்புவார்.

உன் தோழி,
வாகீஸ்வரி

*

அசாம் ஜாவா,
7 ஜனவரி 1986

வாகீஸ்வரிக்கு,

உன் அப்பாவுக்கு நான் எழுத மாட்டேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உனக்கு என்ன ஆனது என்று நன்றாக எழுதியிருக்கிறாய். நீ பஸ் ஏறியது, உன் அப்பா பேசாமல் இருப்பது, உன் பாஸ்போர்ட் முத்திரை. அன்று பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று ஓர் இடத்திலும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ரொட்டியும் வரக்கோப்பியும்.

நீ எழுதாமல் விட்டதையும் சேர்த்துக்கொள். காளியண்ணன் ஐயா தம் ஆட்களிடம், "ஏத்துடா எல்லாத்தையும் லோரியில" என்றார். நான்கு அண்டாவும் எங்கள் கண் முன்னால் திரும்பி ஏறின. பாயசம் கொஞ்சம் படியில் சிந்தியது. சின்னதுகள் விரலால் தொட்டு நக்கின. அப்போது நீ அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய். நீ காப்பாற்றிய லெட்சுமி கேட் வரைக்கும் லோரி பின்னால் ஓடினாள்.

சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குமே, யார் யார் நினைவு நாளுக்கு யார் வீட்டுச் சாப்பாடு என்று மாமி சிவப்பு மையில் குறித்திருப்பாரே, அதைப் பார்த்து நீ முகத்தைச் சுளித்தாய். செத்தவர்களை வைத்து வயிறு வளர்க்கிற இடம் என்று உன் நோட்டுப் புத்தகத்தில் எழுதினாய். நான் பார்த்தேன். பிள்ளைகள் அந்தக் காலண்டரை எப்படிப் படிப்பார்கள் என்று உனக்குத் தெரியாது. அவர்களுக்குச் செத்தவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள், அன்றைய சாப்பாடுதான் பேர். பிப்ரவரியில் கேசரி மாமா. ஏப்ரலில் மீகோரேங் அங்கிள். டிசம்பரில் ஆட்டுக்கறி அத்தை. ஆட்டுக்கறி அத்தை படத்தில் சிரிப்பாள், அதனால் அவள்தான் எல்லாருக்கும் பிடித்தவள். அவளைத்தான் நீ தரையில் வைத்தாய்.

சேதி பரவிவிட்டது. நான்கு குடும்பங்கள் தங்கள் நாளைக் கிள்ளானில் வேறோர் இல்லத்துக்கு மாற்றிக்கொண்டன. மாமி சிவப்பு மையின் மேலேயே நீல மையால் அடித்திருக்கிறார்.

நேற்றுப் பள்ளி திறந்தது. நான் போகவில்லை. இல்லத்தின் விதி உனக்குத் தெரியும். மூன்றாம் படிவம் வரைக்கும் இல்லம் படிக்க வைக்கும். அதற்கு மேல் வெளியிலிருந்து யாராவது பொறுப்பேற்க வேண்டும். என்னைப் பொறுப்பேற்றிருந்தவர் காளியண்ணன் ஐயா. தம் மனைவிக்காக நான் நன்றாகப் பாடுகிறேன் என்று ஏற்றுக்கொண்டவர். பாட்டை நிறுத்தியவளுக்கு அவர் ஏன் படிப்புக் கொடுக்க வேண்டும்? சமையல்காரம்மாவையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது நான்தான் சமைக்கிறேன். மார்ச் முடிவதற்குள் பெயர் கொடுக்காவிட்டால் இந்த ஆண்டு எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு எனக்கு இல்லை. ஓர் ஆண்டு அடுப்படியில் நின்றவளை அடுத்த ஆண்டு யாரும் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த வேலம்மாவை அனுப்பவில்லை.

ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளி முடிந்தது, அதற்குப் பிறகு மலாய்ப் பள்ளிதான். பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். உனக்குத்தான் திருத்துவது பிடிக்குமே.

கங்கா

*

சிங்கப்பூர்,
17 ஜனவரி 1986

கங்கா,

பள்ளி விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கடிதத்தை அப்படி எழுதியிருக்க மாட்டேன். நேற்று முழுவதும் எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் என் தலையில் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு மணி நேரம் சின்னப் பிள்ளைகளைப் பசியோடு நிறுத்தியவர் காளியண்ணன் ஐயா. சமைத்த சோற்றைப் பிள்ளைகள் கண் முன்னால் திரும்ப எடுத்துக்கொண்டு போனவர் அவர். அதைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நின்றவர் மாமி. உன் கோபம் அவர்கள் மேல் ஒரு வரிகூட இல்லை. எல்லாம் என் மேல். ஏன்? நான் திருப்பி அடிக்க மாட்டேன் என்பதாலா?

இன்னொன்றும் கேட்கிறேன். சனிக்கிழமை துணி காயப்போடும்போது என்னிடம் நீ என்ன சொன்னாய்? "யார் யாரோ செத்ததுக்கெல்லாம் பாடிப் பாடி எனக்கு வாயே கசக்குது. எங்கப்பா செத்தப்ப ஒருத்தரும் பாடல" என்றாய். உன் அப்பா தோட்டத்தில் மின்னல் அடித்து இறந்ததையும், தோட்டத்து லயத்து வீட்டை விட்டு உங்களைக் காலி செய்யச் சொன்னதையும், உன் அம்மா வேறொருவரோடு சித்தியவானுக்குப் போனதையும் சொன்னாய். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. மறுநாள் நான் "போதும், நிறுத்து" என்றது லெட்சுமிக்காக மட்டும் இல்லை. உனக்காகவும்தான். நீ என்னைப் பார்த்தாய். உன் கண்ணில் ஒரு நிம்மதி இருந்தது. இல்லை என்று சொல்.

நான் புத்தகம் படித்துக் கெட்டுப்போனவள் என்று நீ நினைக்கிறாய். இருக்கட்டும். அநியாயத்தைப் பார்த்தால் நியாயம் பேச வேண்டும் என்றுதான் நான் படித்த எல்லாவற்றிலும் இருக்கிறது.

வாகீஸ்வரி

*

அசாம் ஜாவா,
2 பிப்ரவரி 1986

வாகீஸ்வரி,

துணி காயப்போடும்போது சொன்னதைத் துணி காயப்போடும்போது சொன்னதாக வைத்துக்கொள்ள உனக்குத் தெரியவில்லை. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வேலையைத் திட்டுவார்கள். என் அம்மா பால்மரம் சீவி ரப்பர்ப் பால் எடுத்த காலத்தில் தினமும் மரத்தைத் திட்டுவாள். யாராவது வந்து மரத்தை வெட்டிப்போட்டிருந்தால் அவனை அறைந்திருப்பாள்.

ஆமாம், நிம்மதியாக இருந்தது. ஒரு நிமிடம். "நிறுத்து" என்று ஒருத்தி சொன்னாளே என்று இருந்தது. அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் இப்போது தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து நான்கு கிலோ அரிசி கழுவுகிறேன். போதுமா? நீ கேட்ட பதில் கிடைத்ததா?

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்கிறாய். உனக்கு எப்படித் தெரியும்? மாமி மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்குப் பதினோரு வயது. நான் அதை எங்கே காட்டுவது? சாயங்காலம் அவர் கையால்தான் எனக்குச் சோப்பு வர வேண்டும். கோபத்தைக் காட்டிவிட்டுப் போய்ப் படுக்க உனக்கு ஒரு வீடு இருக்கிறது. பஸ் டிக்கெட் இருக்கிறது. பேசாமல் இருப்பதற்குக்கூட ஓர் அப்பா இருக்கிறார். எனக்கு இருக்கிற ஒரே ஆள் நீ. அதனால்தான் உன்னைத் திட்டுகிறேன்.

காலை பஸ் போகும்போது என் வகுப்புப் பெண்கள் கை காட்டுகிறார்கள். நான் பின்பக்கம் போய்விடுகிறேன். சரித்திர ஆசிரியர் தனபாலன் சார் ஒரு நாள் இல்லத்துக்கு வந்தார். "ஏம்மா வரல? ஒன்ன நம்பித்தான் நான் ரிசல்ட்டு கணக்கு போட்டேன்" என்றார். மாமி அவருக்குத் தேநீர் கொடுத்து, "ஆர் சார் பொறுப்பு எடுக்கிறது? நீங்கள் எடுக்கிறீங்களோ?" என்று கேட்டார். அவருக்கு ஐந்து பிள்ளைகள். தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எட்டு வாரம் இருக்கிறது. நியாயம் பேசுகிறவளே, இதற்கு உன் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

கங்கா

*

சிங்கப்பூர்,
14 பிப்ரவரி 1986

அன்புள்ள கங்கா,

இது சின்னக் கடிதம். விவாதம் இல்லை.

நான் உன்னைக் கெடுத்தேன். நானே சரி செய்கிறேன். மாமி சொல்லி அப்பா குறித்துவைத்த காளியண்ணன் ஐயாவின் முகவரி அவர் நோட்டில் இருந்தது. காளியண்ணன் ஐயாவுக்கு ஒரு கடிதம், ஜொகூர்த் தபாலில், போயிருக்கிறது. எப்படிப்பட்ட கடிதம் என்று கேட்காதே. மூன்று நாள் உட்கார்ந்து, ஆறு முறை திருத்தி எழுதினேன். கல் நெஞ்சும் கரையும். மார்ச்சுக்குள் நீ வகுப்பில் இருப்பாய் பார்.

அவர் வந்தால் நீ ஒன்றும் பேச வேண்டாம். எழுதியபடி நடந்துகொண்டால் போதும்.

உன் வாகி

*

அசாம் ஜாவா,
3 மார்ச் 1986

வாகீஸ்வரி,

எழுதியபடி நடந்துகொள்ள வேண்டுமாம். என்ன எழுதியிருக்கிறது என்று நேற்றுத்தான் எனக்கே தெரிந்தது. இருபத்து மூன்று பிள்ளைகள், மாமி, மூன்று லோரிக்காரர்கள் எல்லாரோடும் சேர்ந்து நானும் கேட்டேன்.

காளியண்ணன் ஐயா மகள் நாகமணியோடு வந்தார். அண்டா வந்தது. படம் வந்தது. நாகமணி அக்கா கடிதத்தைப் பிரித்து எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். "நாதியற்ற அனாதையாகிய நான் அறியாமையால் செய்த பெரும்பிழையை..." அடியில் என் பெயர். கையெழுத்துகூட என்னுடையதைப் போலவே வளைத்துப் போட்டிருக்கிறாய். அவர் வரும் ஞாயிறன்று தாயம்மாவின் படத்துக்கு முன்னால் ஐந்து தேவாரமும் பாடி மன்னிப்புக் கேட்பேன் என்று என் சார்பில் வாக்கும் கொடுத்திருக்கிறாய்.

அவர் அழுதார், வாகீஸ்வரி. பெரிய உடம்புக்காரர், கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கி அழுதார். "எம் புள்ளைங்ககூட தாயம்மாவப் பத்தி இப்படி எழுதல" என்றார். மாமிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "நாங்கள் வளர்த்த பிள்ளையெல்லோ" என்றார். பள்ளிக்கு நாளைக்கே போகலாம் என்று ஐயா சொன்னார். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

முதல் நாள் நீ வந்து இறங்கியதும் பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. உன் தாத்தா புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி. படிக்காத சனங்களுக்கு அவர்தான் கடிதம், மனு எல்லாம் எழுதிக்கொடுப்பார் என்றாய். நான் சும்மா கேட்டுக்கொண்டேன். கிராணி எழுதுவார், எங்கள் ஆட்கள் கைநாட்டு வைப்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் "வையி, ஒன் நல்லதுக்குத்தான்" என்பார். என் தாத்தா அப்படித்தான் வைத்தார். நான் பத்து வருடம் படித்தவள். என்னிடம் அதைக்கூடக் கேட்காமல் நீயே வைத்துவிட்டாய்.

அனாதை என்று எழுதினாயே. என் அம்மா சித்தியவானில் உயிரோடு இருக்கிறாள். உன்னிடம்தானே சொன்னேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "புள்ளைங்க மொதல்ல சாப்பிடட்டும் ஐயா, அப்பறம் நிம்மதியா பாடுறேன்" என்றேன். அவர் அழுத முகத்தோடு சரி என்றார். இலை போட்டோம். நானே பரிமாறினேன். லெட்சுமி இரண்டு முறை கறி கேட்டாள், வைத்தேன். கடைசிப் பிள்ளை இலையை மடிக்கும் வரை காத்திருந்தேன். அண்டாவில் திரும்ப ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் சொன்னேன், "ஐயா, இந்த லெட்டர் நான் எழுதுனது இல்ல."

"யாரு எழுதுனா?" என்றார். "சிங்கப்பூர் பொண்ணு" என்றேன். அவர் கடிதத்தை மடித்தார். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தார். படத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லோரியில் ஏறிவிட்டார். மாமி என்னை அறைந்தார்.

பாடியிருந்தால் இன்று நான் வகுப்பில் இருப்பேன். அந்தக் கடிதத்தில் இருக்கிற பெண்ணாக அங்கே போய் உட்கார என்னால் முடியாது. அவ்வளவுதான். இதில் உனக்குப் புரியாததற்கு ஒன்றும் இல்லை.

இனி எழுதாதே.

கங்கா

*

சிங்கப்பூர்,
11 மார்ச் 1986

கங்கா,

எழுதாதே என்றாய். இது ஒன்றுக்கு மட்டும் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்றுதான் என் தேர்வு முடிவும் வந்தது. என்ன மதிப்பெண் என்று உனக்கு எழுத மாட்டேன். தமிழில் எனக்குப் பரிசு என்று ஆசிரியை சொன்னபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். என் தமிழ் என்ன வேலை செய்தது என்று அவருக்குத் தெரியாது.

அந்தக் கடிதத்தை எழுதும்போது நான் அழுதேன். நன்றாக வந்திருக்கிறது என்று மகிழ்ந்தேன். இரண்டும் உண்மை. "நாதியற்ற" என்ற சொல்லை மூன்றாவது நாள்தான் சேர்த்தேன், உருக்கமாக இருக்கும் என்று. உன் அம்மா நினைவு வந்தது. அதைத் தள்ளிவிட்டு எழுதினேன். தாத்தாவைப் பற்றி நீ எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மூன்று மாதத்தில் அவர் முதல் முறையாக என்னோடு பேசினார். "அந்தப் பிள்ளை சொல்றது சரி. அப்பு கேட்காமல்தான் எழுதுவார்" என்று தாத்தாவைச் சொன்னார்.

இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது. பசித்த பிள்ளையை நிறுத்தி வைத்தது தப்புத்தான். அதை விடமாட்டேன். ஆனால் உன் பெயரை எடுத்தது அதைவிடத் தப்பு.

இந்த உறையில் இன்னொரு கடிதம் இருக்கிறது. காளியண்ணன் ஐயாவுக்கு, என் பெயரில். ஒட்டவில்லை. நீ படி. கொடுக்கலாம் என்று பட்டால் கொடு. இல்லையென்றால் அடுப்பு உன்னிடம்தான் இருக்கிறது.

வாகீஸ்வரி

*

அசாம் ஜாவா,
1 ஏப்ரல் 1986

வாகீஸ்வரி,

ஒட்டாத கடிதத்தைப் படித்தேன். மூன்று பக்கம். முதல் இரண்டும் உன் மனசைப் பற்றி. அவற்றை அடுப்பில் போட்டேன். மூன்றாம் பக்கத்தில், "உங்கள் மனைவியின் படத்தைத் தரையில் வைத்தவள் நான். கங்கா இல்லை. அவள் பெயரில் எழுதியவளும் நான்" என்று இருந்தது. அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அவர் லோரி நிற்கும் இடத்துக்குப் போனேன்.

அவர் நாகமணி அக்காவைக் கூப்பிடவில்லை. தாமே எழுத்துக் கூட்டிப் படித்தார். வெகு நேரம் ஆனது. பிறகு, "படிச்ச பொண்ணுங்க ரெண்டு பேரும் எங்கிட்ட லெட்டர் வெளாட்டு வெளாடுறீங்களா?" என்றார். "புள்ளைங்களுக்குச் சாப்பாடு வரும், வருசா வருசம் வரும். தாயம்மா இனிமே அந்த வீட்டுக்கு வரமாட்டா" என்றார்.

"என் படிப்பு, ஐயா?"

"பாட்டுக்குத்தான் படிப்பு. பாட்டு இல்லேன்னா படிப்பும் இல்ல, போ."

நீ கேட்டது உனக்குக் கிடைத்துவிட்டது. இனிப் படம் இல்லை, வரிசை இல்லை, வெறும் சோறு. இதை லெட்சுமியிடம் சொன்னேன். "ஆட்டுக்கறி அத்தைக்கு நம்ம மேல கோவமா?" என்று அழுதாள். என்ன சொல்ல வேண்டும் என்று நீயே யோசித்து வை.

நான் அன்றைக்கே தனபாலன் சார் வீட்டுக்குப் போனேன். பள்ளியில் என் இடம் போய்விட்டது. தனியாகப் பெயர் கொடுத்து எழுதலாம் என்றார். மாமியிடம் கேட்டேன். கெஞ்சவில்லை. கேட்டேன். "சமையல் நிக்கக் கூடாது. உலை வைச்சிட்டுப் படி, படிச்சா என்ன, படிக்காட்டி என்ன" என்றார். நேற்று, கடைசி நாள், பெயர் கொடுத்துவிட்டேன்.

தேர்வு நவம்பரில் இரண்டு வாரம், குவாலா சிலாங்கூரில். அந்த இரண்டு வாரம் நான் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த நாட்களில் சமைக்க ஆள் இல்லை. ஆள் இல்லை என்றால் மாமி என்னை விடமாட்டார்.

உனக்கு அப்போது விடுமுறை. நீ வா. மாமியிடம் நான் பேசிவிட்டேன், பேயைப் பார்த்ததுபோலப் பார்த்தார், பிறகு தலையாட்டினார். கதை சொல்ல வேண்டாம். பாடம் நடத்த வேண்டாம். நோட்டுப் புத்தகம் வேண்டாம். காலை ஆறரைக்கு இருபத்து மூன்று பேருக்குப் பசியாற ஏதாவது இருக்க வேண்டும், மதியம் சோறு இருக்க வேண்டும். உனக்குச் சமைக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஏழு மாதம் இருக்கிறது, கற்றுக்கொள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே.

கங்கா

*

சமையலறை, அசாம் ஜாவா,
17 நவம்பர் 1986, திங்கள்

கங்கா,

இது சோற்றுப் பொட்டலத்துக்குள் இருக்கும். பொட்டலத்தைக் கோபாலகிருஷ்ணன் கடை முன்னால் நிற்கும் பஸ்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ பிரிக்கும்போது தேர்வில் முதல் தாள் முடிந்திருக்கும்.

காலையில் நீ போனபின் கஞ்சி அடிப்பிடித்தது. பாதியை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். ஏழே காலுக்குத்தான் சாப்பிட்டார்கள். சின்னவன் ஒருவன், "கங்கா அக்கா கஞ்சி இப்படிப் பொகையாது" என்றான். கையில் எண்ணெய் தெறித்தது. அரிசி மூட்டையை நகர்த்த உனக்கு எப்படித்தான் தனியாக முடிந்ததோ. உப்பு டின்னை மேல் தட்டில் வைத்திருப்பதைச் சொல்லாமல் போய்விட்டாய். தேடித் தேடி உன்னைத் திட்டினேன். மாமி கதவில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவர் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை வெங்காயத்தின் மேல் காட்டினேன்.

எப்படி எழுதினாய்?

வாகி

*

(அதே தாளின் பின்பக்கம்)

சோறு குழைந்திருந்தது. உப்பு இரண்டு முறை போட்டிருக்கிறாய். பசியில் தின்றேன்.

எல்லாக் கேள்விக்கும் எழுதினேன். கட்டுரைக்கு நேரம் போதவில்லை, கடைசிப் பத்தி பாதியில் நின்றது. அந்த ஆத்திரத்தில் பஸ் நிற்கும் இடத்தில் நின்று இதை எழுதுகிறேன். இல்லத்துக்கு வந்து இதை உன் கையில் தந்தபின் என்னோடு பேசாதே, நான் படிக்க வேண்டும்.

நாளைக்குக் கணிதம், எட்டு மணிக்கு. அரிசியை ராத்திரியே கழுவி வை. தண்ணீர் விரலின் இரண்டாவது கோடு வரைக்கும், அதற்கு மேல் வேண்டாம்.